துடைப்பம் ஏந்திய தூயவர்

இறைவனிடத்து அன்பு பூண்டோர் உலகத் தொழில்களை விடுத்து, காட்டிலும் குகையிலும் கண்மூடி அமர்ந்திருப்பர் என்பது பலர் கருத்து. வழிபாடு வேறு, அன்றாட வேலை வேறு என்றும், இவ்விரண்டிற்கும் தொடர்பு இல்லை என்றும் அவர்கள் எண்ணுவர். ஆயின், கத்தோலிக்கத் திருச்சபை போற்றும் புனிதர் பலருடைய வாழ்க்கை, இவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் காட்டுகின்றது.

இறையன்பிலும் பிறரன்பிலும் சிறந்து வாழ்ந்து மறைந்தோருடைய வரலாற்றை நன்கு ஆராய்ந்து, அவர்களைப் புனிதர் என்று அறிவிப்பது அத்திருச்சபையின் வழக்கம். அவ்வரிசையில் அரசரும் உளர்; அறிஞரும் உளர்; ஏர் பிடித்தோரும் ஏவல் செய்தோரும் உளர். ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரை அடுத்த வயல்களில் பிறர் நிலத்தை உழுது வாழ்ந்தவர் இசிதோர். நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றிய சவேரியார் புனிதராக அறிவிக்கப்பெற்ற 1622-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாளிலேயே, அவ்வுழவரும் அப்பெருமையைப் பெற்றார். இத்தாலி நாட்டு லூக்கா நகரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீத்தா என்னும் அம்மையார், இளமை முதல் இறக்கும் வரை ஒரே வீட்டில் பணிப்பெண்ணாய் இருந்தவர். இவர்களைப் போலவே எளிய வேலைகளைச் செய்து உயர்ந்தவர் மார்ட்டின் தெ போரஸ். அவருடைய வரலாற்றை இங்குக் காண்போம்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது பெரு நாடு. இன்கா மன்னர் ஆண்ட அந்நாட்டை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கைப்பற்றினர். 1535-இல் லீமா நகரை அமைத்து, அதனைத் தம் ஆட்சியின் தலைநகராக்கினர். ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டு, அங்கு ஆடுமாடுகளைப் போல விற்கப்பட்டனர். ஸ்பானியர் மேலோர், பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் கீழோர். இதுவே அக்கால நியதியாய் இருந்தது.

அந்நகரில் 1579-ஆம் ஆண்டு மார்ட்டின் பிறந்தார். தந்தை ஸ்பானியப் பெருங்குடியினர். தாய் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண். தாயின் நிறத்தையே கொண்டு பிறந்த அக்குழந்தையைத் தந்தை தொடக்கத்தில் தம் மகவென ஏற்றிலர். திருமுழுக்குப் பதிவேட்டில், தந்தை இன்னார் எனத் தெரியாது என்றே எழுதப்பெற்றது. பின்னாளில் தந்தை அவரை மகனென ஒப்புக்கொண்டார். எனினும், வறுமையும் இழிசொல்லும் மார்ட்டினுக்கு இளமைத் தோழராயின.

ஏறத்தாழ 12 வயதில் மார்ட்டின் முடிதிருத்துவோர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அக்காலத்தில் முடிதிருத்துவோரே புண்ணைக் கழுவிக் கட்டுவர். முறிந்த எலும்பைப் பொருத்துவர். மூலிகை மருந்தும் தருவர். தமிழகத்திலும் அத்தொழிலினர் மருத்துவம் செய்து, மருத்துவர் என்றே பெயர் பெற்றிருந்தனர் அன்றோ? மார்ட்டின் கூர்ந்த அறிவும் மென்மையான கையும் உடையவர். ஆதலின், அக்கலையில் விரைவில் தேர்ச்சி பெற்றார். அதனைக் கொண்டு அவர் பொருள் ஈட்டி நலமாக வாழ்ந்திருக்கலாம். ஆயின், அவர் உள்ளம் வேறொன்றை நாடிற்று.

லீமா நகரில், சாமிநாதர் சபைத் துறவியர் நடத்திய செபமாலை அன்னை மடம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 15 வயதில் மார்ட்டின் அம்மடத்தை அடைந்தார். பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் முழுத் துறவியராதல் கூடாது என்பது அந்நாளைய விதி. எனவே, அவர் ஊழியராக மட்டுமே ஏற்கப்பெற்றார். தாழ்வாரங்களைப் பெருக்கினார், துணிகளை வெளுத்தார், சமையலறையில் உழைத்தார், துறவியர்க்கு முடிதிருத்தினார், நோயாளர் விடுதியில் இரவும் பகலும் பணிபுரிந்தார். எந்த வேலையையும் அவர் இழிந்தது என ஒதுக்கியதில்லை. இறைவன் திருமுன் செய்வதாகக் கருதியே ஒவ்வொன்றையும் திருத்தமாகச் செய்தார். அவர் வழிபாட்டில் சோர்ந்தவரல்லர். இரவு நேரங்களில் நெடும்பொழுது வேண்டுதலில் ஆழ்ந்திருப்பார். விடிந்ததும் துடைப்பத்தைக் கையில் எடுப்பார். அவருக்கு இரண்டும் ஒரே தொண்டின் இரு பகுதிகளாய் இருந்தன.

தெருவில் கிடந்த நோயாளரை மார்ட்டின் தம் அறைக்கே கொண்டுவந்து பேணுவது உண்டு. தொற்றுநோய் பரவிய காலத்தில், மடத்திலுள்ளோர்க்கும் நோய் பற்றுமே என்று அஞ்சிய தலைவர், அவ்வாறு செய்தல் கூடாது எனத் தடுத்தார். அதன்பின் ஒருநாள், கத்திக்குத்துப்பட்டுக் குருதி ஒழுகக் கிடந்த பழங்குடியினர் ஒருவரைத் தெருவில் கண்டார் மார்ட்டின். விட்டுச் சென்றால் உயிர் போகும். எடுத்துச் சென்றால் கட்டளை மீறப்படும். அவர் தயங்காது அம்மனிதரைத் தம் அறைக்குச் சுமந்து சென்றார். தலைவர் கடிந்துகொண்டபோது, அன்பு என்னும் கட்டளையினும் கீழ்ப்படிதல் என்னும் கட்டளை பெரிதென்பதைத் தாம் அறியாதிருந்ததாகவும், அப்பிழையைப் பொறுத்துத் தமக்கு அறிவுறுத்த வேண்டும் என்றும் பணிவோடு கூறினாராம். அச்சொல்லின் உண்மை தலைவர் நெஞ்சைத் தொட்டது. அதுமுதல் அவர் மார்ட்டினைத் தடுக்கவில்லை என்பர்.

மடம் கடன்பட்டு வருந்திய காலத்து நிகழ்ச்சி ஒன்றும் அவர் வரலாற்றில் கூறப்படுகின்றது. விலையுயர்ந்த பொருள்களை விற்கத் தலைவர் புறப்பட்டபோது, மார்ட்டின் ஓடிச்சென்று, அவற்றிற்கு மாறாகத் தம்மை அடிமையாய் விற்றுக் கடனைத் தீர்க்குமாறு வேண்டினாராம். தலைவர் அதற்கு இசையாமல் அவரைத் திருப்பி அனுப்பினார்.

இத்தகையவரை விதி நெடுங்காலம் தடுக்க இயலவில்லை. 1603-இல் அவர் துறவற வாக்களித்துச் சபைச் சகோதரர் ஆனார். பணி மட்டும் மாறவில்லை. பெருக்குதலும் நோயாளரைப் பேணுதலும் முன்போலவே தொடர்ந்தன. நாள்தோறும் ஏழைகட்கு உணவளித்தார். செல்வரிடம் நன்கொடை பெற்று, ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லம் ஒன்று அமையக் காரணமாயிருந்தார். 1639-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் அவர் மறைந்தார். 1962-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், போப்பாண்டவர் 23-ஆம் அருளப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். ஓவியர் அவரைக் கையில் துடைப்பத்தோடு வரைவர். பெரு நாட்டு மக்களும் ‘துடைப்பச் சகோதரர்’ என அவரை அன்போடு அழைப்பர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது யாது? தாழ்த்தப்பட்டோர் தம் நிலையிலேயே பொறுமையாய் இருத்தல் வேண்டும் என்று சிலர் பொருள் கொள்ளக்கூடும். அது தவறு. மார்ட்டினுடைய பொறுமை பெரிது. அதனால், அவரை வாயிலில் நிறுத்திய விதி நேரியது ஆகிவிடாது. நிறத்தாலும் பிறப்பாலும் மனிதரை அளந்த அவ்விதி எத்துணைப் பிழையுடையது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. வேலையில் இழிவில்லை, வேலை செய்வாரை இழிவாக எண்ணுவதிலேயே இழிவு உள்ளது.

நம் வகுப்பறையைப் பெருக்குவோரும், தெருவைத் தூய்மை செய்வோரும், மருத்துவமனையில் நோயாளரைத் தூக்கிப் படுக்க வைப்போரும் அவர் செய்த பணியையே இன்று செய்கின்றனர். அவர்களைக் காணும்போது முகம் திருப்பாது மதித்தலும், அவர்கள் பணியில் நாமும் கை கொடுத்தலும், நமக்கு உற்ற கடமையை யாரும் காணாவிடத்தும் திருத்தமாகச் செய்தலும் நாம் பயில வேண்டிய பண்புகள். கூப்பிய கை பிறர் துயர் துடைக்க நீளும்போதே வழிபாடு நிறைவு பெறும்.