கல்லைக் கண்டோரும் மண்ணை அகழ்ந்தோரும்

பழங்கட்டடங்களை ஆராய்வோர் அவற்றைக் காப்பதுமுண்டு, அறியாது அழிப்பதுமுண்டு. மத்திய கால இரசியக் கற்கோயில்கள் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில் இவ்விரண்டையும் நாம் காண்கின்றோம்.

மாஸ்கோவுக்குக் கிழக்கேயுள்ள விளாதிமிர் நகரில், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சுண்ணக்கல்லால் எழுந்தது புனித திமித்திரி தேவாலயம். 1830களில் அதனைப் புதுப்பிக்க முற்பட்டோர், பக்க மண்டபங்களையும் படிக்கோபுரங்களையும் பிற்காலச் சேர்க்கையெனக் கருதி இடித்தனர். அவற்றுட் பழம்பகுதிகளும் இருந்தன என்பது பின்னரே தெளிவாயிற்று.

இக்கலை எங்கிருந்து வந்தது என்னும் வினா அடுத்தெழுந்தது. பிரெஞ்சு அறிஞர் வியோலே-லெ-டுக், 1877இல் வெளியிட்ட நூலில், இரசியக் கலையின் வேர்களை ஆசியாவிலும், இந்தியாவிலுங்கூடத் தேடினார். அவரோ இரசியாவை நேரிற் கண்டவரல்லர். அவர் கூற்று நமக்கு மகிழ்ச்சி தரலாம். ஆயினும் மகிழ்ச்சி சான்றாகாது.

20ஆம் நூற்றாண்டில் நிக்கொலாய் வொரோனின் மண்ணையே அகழ்ந்து நோக்கினார். நேர்ல் ஆற்றருகேயுள்ள சிறு தேவாலயம் இயற்கை மேடொன்றில் நிற்பதாகவே தோன்றும். 1950களில் அவர் நிகழ்த்திய அகழாய்வினால், வெள்ளத்திற்கஞ்சிக் கற்சுவர் எழுப்பி, மண் குவித்து, மேலே கல் பாவி மனிதர் ஆக்கிய மேடே அதுவெனப் புலனாயிற்று. மறைந்துபோன சுற்று மண்டபத்தின் அத்திவாரமும் வெளிப்பட்டது. அவரது இரு பாகப் பெருநூல் 1961–62இல் வெளிவந்தது.

ஊகம் இடித்ததை அகழாய்வு மீளக் கட்டித் தராது. ஆதலின், கண்டு, அளந்து, ஆராய்ந்த பின்னரே முடிவுரைத்தல் கற்றோர் கடனாகும்.