செயற்படுத்தவியலா நினைவகப் பாதுகாப்பு

செயற்படுத்தவியலா நினைவகப் பாதுகாப்பு என்பது, நினைவகத்தில் தரவு உள்ள பகுதிகளைச் செயலி நிரலாக இயக்காதவாறு இயங்குதளத்தின் கருனி தடுக்கும் முறையாகும். எழுதக்கூடிய பகுதி இயக்கக்கூடியதாக இருக்கக்கூடாது என்பதே இதன் அடிப்படை.

தேவை

நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில் இருமக் குறிகளாகவே உள்ளன. ஒரு நிரல் அளவைச் சரிபாராமல் உள்ளீட்டை எழுதும்போது, அது ஒதுக்கப்பட்ட இடத்தைத் தாண்டி வழியும். இது இடையக வழிதல் எனப்படும். தாக்குபவர் உள்ளீட்டிலேயே தீங்கு நிரலை அனுப்பி, அடுக்கில் உள்ள திரும்பும் முகவரியை அதற்கு மாற்றிவிட்டால், செயலி அந்நிரலை இயக்கிவிடும். 1988 நவம்பரில் பரவிய மோரிசு புழு, வாக்சு கணினிகளில் இருந்த ஃபிங்கர் சேவையை இவ்வாறே தாக்கியது.

செயற்படும் விதம்

கருனி நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குமான அனுமதிகளைப் பக்க அட்டவணையில் குறிக்கிறது. பழைய 32 பிட்டு இன்டெல் வகைச் செயலிகளில் ஒரு பக்கத்திற்கு இயக்கும் அனுமதியை மட்டும் தனியே மறுக்க வழியில்லை. 2003 இல் வெளிவந்த ஏஎம்டியின் 64 பிட்டு செயலிகள், அட்டவணைப் பதிவின் 63 ஆம் பிட்டை இதற்கென ஒதுக்கின. அந்த பிட்டு இடப்பட்ட பக்கத்திலிருந்து கட்டளையை எடுக்க முயன்றால் செயலி பக்கப் பிழையை எழுப்பும். கருனி வழக்கமாக அந்நிரலை நிறுத்திவிடும்.

வன்பொருள் வசதி வருமுன்பே, 2000 இல் லினக்சுக்கான பாக்சு ஒட்டு இதை மென்பொருள் வழியில் செய்துகாட்டியது. 2003 இல் ஓப்பன்பிஎசுடி 3.3, 2004 இல் விண்டோசு எக்சுபியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு ஆகியவை இத்தகைய பாதுகாப்பைக் கொண்டுவந்தன.

கருனியின் பாதுகாப்பு

கருனியே ஏமாற்றப்பட்டால் கணினி முழுதும் தாக்குபவர் வசமாகும். எனவே கருனியின் தரவுப் பக்கங்களும் இயக்க முடியாதவையாகவும், அதன் நிரல் பக்கங்கள் எழுத முடியாதவையாகவும் குறிக்கப்படுகின்றன. பயனர் பகுதியில் வைத்த நிரலைக் கருனியின் அதிகாரத்துடன் இயக்கவைக்கும் தாக்குதலைத் தடுக்க, பின்னாளைய இன்டெல் செயலிகளில் தனி வசதி சேர்க்கப்பட்டது.

வரம்புகள்

இம்முறை புதிய நிரல் நுழைவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே உள்ள நிரல் தவறாகப் பயன்படுவதைத் தடுப்பதில்லை. நினைவகத்தில் உள்ள நிரல் துண்டுகளைக் கோத்தே தாக்க முடியும் என்பதை 2007 இல் ஓவாவ் சாச்சம் விரிவாகக் காட்டினார். ஆகவே, முகவரிகளைத் தற்போக்காக மாற்றியமைக்கும் முறையும் இதனுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது.