உபதேசியார் கையில் ஒரு நூல்

புத்தர் பெருமானோடு திருமாலையும் தன்னகத்தே கொண்ட தம்புள்ளைக் குகைக்கோயில், முன்னாளில் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது. ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்க மறையைத் தடைசெய்த காலத்தில், அதற்குப் புகலளித்ததும் அவ்விராச்சியமே. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களமும் தமிழும் கற்று, இருமொழியிலும் மறைநூல்கள் இயற்றினார். குருமார் அரியராயிருந்த அந்நாளில் நூலே ஆசானாக நின்றது.

இன்று ஞானோபதேசம் கற்பிப்போர் எவற்றைப் படிக்கலாம்? கோட்பாட்டை அறிய, 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் உண்டு. 1579இல் கொச்சியில் அச்சேறிய ‘கிரீசித்தியானி வணக்கம்’, வினாவிடையாகப் பாடஞ்சொல்லும் பழைய முறையைக் காட்டும். ஆயினும் இவற்றுக்கு முன்னதாக ஒரு நூலைப் பயில வேண்டும் என்போம். அது கொன்சால்வெஸ் அடிகளாரின் காலத்தில் தமிழகத்தில் தொண்டாற்றிய வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’. உபதேசியார்களுக்கென்றே எழுதப்பெற்ற அவ்வுரைநடை நூல், கற்பிப்பவர் எங்ஙனம் வாழவேண்டும் என்பதை எடுத்துரைக்கின்றது.

இந்நெறி கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் நிற்கும் நம்மைப் போன்ற இந்து ஆசிரியர்க்கும் பொருந்தும். மாணாக்கர் பாடத்தை மறக்கலாம். அதைச் சொன்னவர் நடந்துகொண்ட முறையை எளிதில் மறவார்.