தோல் நோயும் பரம்பரை அலகுச் சிகிச்சையும்

மனித உடலுறுப்புக்களுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று தோல். வெயிலையும் நுண்கிருமிகளையும் புறத்தே தடுப்பதும், உடலின் நீரை அகத்தே காப்பதும் அதுவே. இக்காவல் பிறவியிலேயே வலுவிழந்து அமையுமாயின் நேருவது யாது என்பதையும், அக்குறையை அதன் வேரிலேயே திருத்த இன்றைய மருத்துவம் எத்துணை வல்லதாயிற்று என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

கிடுகு வேய்ந்த வீட்டை வன்னியில் அறியாதார் இலர். கிடுகை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினும், அதனைக் கூரைச் சட்டத்தோடு பிணைக்கும் கயிறு இற்றுப்போயின், சோளகக் காற்று ஒரே வீச்சிற் கூரையைப் பெயர்த்துவிடும். தோலின் அமைப்பும் ஏறக்குறைய இத்தகையதே. மேற்றோல் கிடுகு, அதன் கீழுள்ள அடித்தோல் சட்டம். இரண்டையும் பிணைக்கும் கயிறு போன்றவை, ஏழாம் வகைக் கொலாசன் என்னும் புரதத்தாலாய நுண்ணிழைகள். இப்புரதத்தை ஆக்குவதற்குரிய பரம்பரை அலகு பழுதுற்றால் இழை உருவாகாது, உருவாயினும் வலுப்பெறாது. அப்பொழுது, குழந்தையைத் தூக்கும் கையின் உராய்வே தோலைக் கொப்புளிக்கச் செய்து கழற்றிவிடும்.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்னும் நோய்க் குடும்பத்துட் கொடிய வகைகளுள் இஃதொன்று. மேனாட்டார் இக்குழந்தைகளை வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள் என்பர். பெயர் அழகியது, நோய் அத்தகையதன்று. புண் ஆறியாறித் தழும்பேறுவதால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கை முட்டிபோலாகும், உணவுக்குழாய் சுருங்கும், இளமையிலேயே தோற் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. இது தொற்றுநோயன்று. இதனைத் தாய் செய்த வினையென்று அயலார் கூறும் சொல், புண்ணினும் கொடியது.

பழுதுற்ற அலகுக்கு ஈடாக நல்ல அலகொன்றைக் கலத்துட் புகுத்துவதே பரம்பரை அலகுச் சிகிச்சை. அதற்கு வாகனமாகப் பெரும்பாலும் பயன்படுவன வைரசுக்கள். கலத்தினுள் நுழைவது அவற்றின் பிறவித் தொழிலன்றோ! அவற்றிலிருந்து நோய் பரப்பும் பகுதிகளை நீக்கி, வேண்டிய அலகை ஏற்றி அனுப்புவர். தோல் கைக்கு எட்டும் உறுப்பாதலின், இச்சிகிச்சைக்கு அதனினும் எளியது வேறில்லை என்று தோன்றும். ஆனால் மேற்றோல் ஏறக்குறைய மாதத்துக்கொருமுறை தன்னைத் தானே புதுப்பிப்பது. இன்று அலகைப் பெற்ற கலம் சில கிழமைகளில் உதிர்ந்துபோம். அதனோடு அலகும் போம். இதுவே தோலில் எதிர்ப்படும் பெருந்தடை.

இத்தடைக்கு ஒரு விடை, மருந்தை மீண்டும் மீண்டும் இடுதல். கொலாசன் அலகு மிக நீண்டது. அதன் செய்தி ஏறக்குறைய 9,000 எழுத்துக்களைக் கொண்டது. பிற சிகிச்சைகளிற் பெரிதும் வழங்கும் சிறு வைரசு 5,000 எழுத்துக்களைக்கூடச் சுமக்கமாட்டாது. ஆகவே, உதட்டோரத்திற் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரசைத் தேர்ந்து, அது பெருகாவண்ணம் திருத்தி, அலகை ஏற்றிப் பசைமருந்தாக்கினர். வைஜுவெக் என்னும் அம்மருந்துக்கு அமெரிக்க அரசு 2023 மே மாதத்தில் அங்கீகாரம் அளித்தது. அதற்கு முன் நிகழ்ந்த பரிசோதனையில், நோயாளர் 31 பேரின் உடலிலும் ஒத்த இரு புண்களைத் தேர்ந்து, ஒன்றுக்கு மருந்தையும் மற்றதற்கு மருந்தற்ற பசையையும் கிழமைதோறும் இட்டனர். ஆறாம் மாதத்தில் மருந்திட்ட புண்களுள் நூற்றுக்கு 67 முற்றாக மூடியிருந்தன. மற்றவற்றுள் 22 மட்டுமே. அலகு கலத்தின் நிறமூர்த்தத்தோடு இணையாது தனித்தே நிற்பதால், புண் திறக்குந்தோறும் மருந்தும் வேண்டும்.

மற்றைய விடை, மேற்றோலைப் புதுப்பிக்கும் குருத்துக்கலங்களையே திருத்துதல். 1975 ஆம் ஆண்டில் ஹவார்ட் கிரீன் முதலியோர் மனித மேற்றோற் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் வழியைக் கண்டிராவிடின் இது இயன்றிராது. 2015 ஆம் ஆண்டில், சிரியாவிலிருந்து ஏதிலியாய் ஜெர்மனி சென்ற குடும்பத்துச் சிறுவன் ஒருவன், ஏழு வயதினன், உடற்றோலின் பெரும்பகுதியை இழந்து போகும் நகர மருத்துவமனையிற் கிடந்தான். அவனிடத்துப் பழுதுற்றது கொலாசன் அலகன்று. லமினின் என்னும் வேறொரு பிணைப்புப் புரதத்தின் அலகு. இத்தாலியின் மொதெனாவில் மிக்கேல் டி லூக்காவின் குழுவினர், எஞ்சிய நற்றோலிலிருந்து எடுத்த சிறு துண்டின் கலங்களுக்கு நல்ல அலகை ஊட்டி, தாள் தாளாக வளர்த்து அனுப்பினர். உடலின் நூற்றுக்கு 80 பங்கு அவ்வாறு போர்த்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான், பள்ளிக்கும் சென்றான். ஆய்வாளர் பின்னர் நோக்கியபோது, புதிய தோல் முழுவதையும் நீண்டகாலம் வாழும் சில குருத்துக்கலங்களே தாங்கி நிற்பதைக் கண்டனர். ஒருவன் உயிர் காத்ததோடு, மேற்றோல் எவ்வாறு நிலைபெறுகின்றது என்னும் பழைய வினாவுக்கும் அச்சிகிச்சை விடை தந்தது. இது என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி. எனினும், புகுத்திய அலகு நிறமூர்த்தத்தில் எங்கே பொருந்தும் என்பது நம் கையில் இல்லை. புற்றுநோய்க்கு ஏதுவாகுமோ என்று ஆண்டுக்கணக்கிற் கண்காணித்தல் வேண்டும். கொலாசன் குறைபாட்டுக்கு இவ்வகைத் தோற்றாள் சிகிச்சையொன்று 2025 ஏப்பிரலில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

விலையை நோக்கின் தலை சுற்றும். பசைமருந்தின் குப்பியொன்று அறிமுகமானபோது 24,000 டொலருக்கு மேல். தோற்றாள் சிகிச்சை 31 இலட்சம் டொலர். ஆயினும் இக்கலை நமக்கு எட்டாத தொலைவில் உள்ளதென்று கொள்ளற்க. குருதியுறையாமை நோயுற்ற ஐவருக்கு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குருதிக் குருத்துக்கலங்களைத் திருத்திச் சிகிச்சை செய்தனர். பயன் 2024 டிசம்பரில் வெளியாயிற்று. அது தோல் நோயன்று; ஆனால் கலத்தை எடுத்துத் திருத்தி மீள இடும் வழி ஒன்றே.

கரப்பான், காளாஞ்சகப்படை போன்றவற்றுக்கு இச்சிகிச்சை வருமோ என்று மாணவர் வினவுவர். பல அலகுகளும் சூழலும் கூடி விளைக்கும் அந்நோய்களுக்கு ஓரலகைத் திருத்துவதாற் பயனில்லை. வன்னிக் காட்டோரங்களில் மணலீ பரப்பும் லீஷ்மேனியாப் புண்ணோ ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு வேறு மருந்துண்டு.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இத்தகைய குழந்தை பிறப்பின், பெற்றோர் முதலில் அறியவேண்டியது எந்த அலகு பழுதுற்றது என்பதே. கொலாசனுக்குரிய பசை, போகும் சிறுவனுக்கு ஒருசிறிதும் உதவியிராது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 முதல் மனிதப் பரம்பரையியற் பிரிவு இயங்கி வருகின்றது. இந்நோயின் கொடிய வகைகள் பெரும்பாலும், தாய் தந்தை இருவரும் பழுதுற்ற பிரதியொன்றை நோயின்றியே சுமக்கும்போது தோன்றுவன. ஒவ்வொரு பேற்றிலும் நாலிலொரு வாய்ப்புண்டு. மச்சான் மச்சாள் மணம் வழங்கும் நம் குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு மிகுதியாதலின், அடுத்த பேற்றுக்கு முன் ஆலோசனை பெறுதல் நன்று. அதுகாறும் செய்யத்தக்கன சில உள: கொப்புளத்தைத் தூய ஊசியாற் குத்தி நீரை வடித்து, மேற்றோலை உரியாது விடுதல், ஒட்டாத கட்டுத்துணி இடுதல், தையல் உராயாதபடி சட்டையைப் புறம் மாற்றி அணிவித்தல், சித்திரை வைகாசி வெப்பத்திற் குழந்தையைக் குளிர்ந்த நிழலில் வைத்தல்.