சிரிப்பது குற்றமான தீவு

தாகூரின் கேலி நாடகம் பள்ளி மேடைக்கு ஏற்றது. அந்தமானுக்கு இன்னும் பொருத்தமானது.

அந்தத் தீவில் கால் வைத்த இளவரசன் செய்த முதல் குற்றம் சிரித்ததுதான். அங்கு வாழ்பவர்கள் எல்லாரும் சீட்டுக்கட்டு மனிதர்கள். எழுவதற்கும் உட்காருவதற்கும் நடப்பதற்கும் விதி உண்டு; சிரிப்புக்கு இடமே இல்லை. கப்பல் உடைந்து கரையேறிய இளவரசனும் அவனது வணிக நண்பனும் விசாரணைக்கு நிறுத்தப்படுகிறார்கள். ஆனால் சிரிப்பு தொற்றுநோய் ஆயிற்றே! ஆர்ட்டினும் டைமனும் பாடத் தொடங்க, கடைசியில் தீவே மனிதர்களாக மாறத் துடிக்கிறது. ரவீந்திரநாத் தாகூரின் 'தாஷேர் தேஷ்' (சீட்டுக்கட்டு தேசம்) இசை நாடகத்தின் கதை இது.

1933 செப்டம்பரில் கல்கத்தாவில் இதை மேடையேற்றியது தொழில்முறைக் கம்பெனி அல்ல, சாந்திநிகேதன் குழு. 1901-ல் 5 மாணவர்களுடன் தாகூர் தொடங்கிய பள்ளி அது. பாட்டும் நடிப்பும் அங்கு ஆண்டு விழா அலங்காரம் அல்ல, படிப்பின் பகுதி. நந்தலால் போஸ் போன்ற ஓவியர்களே மேடைக்கும் ஆடைக்கும் பொறுப்பேற்றார்கள்.

குறை ஒன்றுதான்: பணம். பள்ளியும், அதிலிருந்து வளர்ந்த விஸ்வபாரதியும் எப்போதும் தட்டுப்பாட்டிலேயே நடந்தன. தாகூர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நாடகம் போட்டே நிதி திரட்டினார். 1934-ல் இலங்கைக்குப் போனார். 1936-ல், 75 வயதை நெருங்கும்போது, 'சித்ராங்கதா' நாட்டிய நாடகத்துடன் வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றினார். டெல்லியில் இதைக் கேள்விப்பட்ட காந்திக்கு மனம் பொறுக்கவில்லை. 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து, மிச்சமிருந்த பயணத்தைக் கைவிடச் செய்தார். ஒரு பள்ளி நாடகத்தை ஊர் தாங்கலாம். நாடகமே பள்ளியைத் தாங்கும்படி விட்டால் கிழவரும் குழந்தைகளும் ரயிலேற வேண்டியதுதான்.

இந்தக் கதைக்கும் அந்தமானுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. 1937-ல் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, அவர்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கக் கோரி கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் தாகூர். 'தாஷேர் தேஷ்' நூலின் 1939-ம் ஆண்டுத் திருத்திய பதிப்பை அவர் சமர்ப்பித்தது சுபாஷ் சந்திர போஸுக்கு. நாட்டுக்குப் புதிய உயிர் ஊட்ட முனைந்தவருக்கு, விதிகளை உடைத்து உயிர்பெறும் தீவின் கதை! அதே போஸ் 1943 டிசம்பர் 30-ல் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். 75 ஆண்டுகள் கழித்து, 2018-ல், ராஸ் தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. போர்ட் பிளேரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

பார்வையாளர்களும் தயார். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்களில் சுமார் 28 சதவீதத்தினரின் தாய்மொழி வங்காளம். தமிழ் 15, தெலுங்கு 13. மலையாளிகள், நிக்கோபாரிகள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், பர்மாவின் கரேன்கள் வேறு. கடைவீதியில் எல்லாரையும் இணைப்பது ஹிந்தி. பள்ளிகளோ பல பயிற்று மொழிகளில் பிரிந்து கிடக்கின்றன. வசனம் மிகுந்த நாடகம் என்றால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பாட்டும் ஆட்டமும் கேலியும் என்றால் மொழி தடையாகாது. இனம் பார்த்து உட்காரும் சீட்டுகளைப் பார்த்து ஒரே வரிசையில் வங்காளியும் தமிழரும் சேர்ந்து சிரிப்பதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

செலவும் பயமுறுத்தாது. அட்டை இரண்டு, சிவப்பும் கறுப்புமாகப் பெயின்ட், கட்ட நாடா: ஒரு சீட்டு தயார். 52 பேருக்கு வேடம் உண்டு; கூச்ச சுபாவமுள்ள குழந்தைகூட ஸ்பேடு இரண்டாக நிற்கலாம். தாகூரின் நூல்களுக்கான பதிப்புரிமை 2001 முடிவில் காலாவதியானதால் மூல நூலுக்கு ராயல்டி கிடையாது.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளலாம். மெட்டு சொல்லித்தர வங்காளிப் பாட்டிமார், தாளத்துக்கு முருகன் கோவில் தவில்காரர், கூட்டுப் பாட்டுக்கு நிக்கோபாரிகளின் தேவாலயக் குழு, மேடைக்குத் தச்சர், ஒத்திகை முடிந்து பசியோடு வரும் பிள்ளைகளுக்கு டீயும் பன்னும் தர ஒரு கடைக்காரர். யாரிடமும் பெரிய தொகை கேட்க வேண்டாம்; சில மாலை நேரங்களைக் கேட்டால் போதும்.

நாள் வேண்டுமா? டிசம்பர் 30 இருக்கிறது. காலையில் கொடிக்கு வணக்கம் செலுத்தும் பிள்ளைகள், மாலையில் நேதாஜிக்குச் சமர்ப்பிக்கப்பட்ட நாடகத்தை ஆடலாம். முன்வரிசையில் அமரும் அதிகாரிகளும் தாராளமாகச் சிரிக்கலாம். இந்தத் தீவில் அது குற்றமல்ல.