மண், கல், கம்பி – 7: ராயர் விட்ட இடம்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து உச்சியைத்தான் பார்க்கிறார்கள். 13 கலசமும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று எண்ணுகிறார்கள். கழுத்து வலித்ததும் உள்ளே போய்விடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது உச்சியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, வாசலுக்கு மேலே கருங்கல் முடிகிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே வெறும் கல். மேலே செங்கல், அதன்மேல் பூச்சு, சுதை, வர்ணம்.

நம் பக்கத்துப் பெரிய கோபுரங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கோடு உண்டு. கல்லால் ஆன கீழ்ப்பகுதியைக் கோயில் வேலைக்காரர்கள் கல்ஹாரம் என்பார்கள். கல்ஹாரம் முடிந்ததும் செங்கல் ஏறும். சில வருஷம் தாமதமாகலாம், திருப்பணிக்குப் பணம் போதாவிட்டால் ஒரு தலைமுறைகூட ஆகலாம். ஸ்ரீரங்கத்தில் நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லை அடுக்கியது விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலம். அவர் ஆண்டது 1529 முதல் 1542 வரை. அதன்மேல் வேலை தொடங்கியது 1979-ல். இடையில் விஜயநகரமே காணாமல் போனது, நாயக்கர்கள் வந்து போனார்கள், வெள்ளைக்காரன் வந்து போனான். ராயர் விட்ட இடத்தில் கல் அப்படியே நின்றது.

பெரியவர்கள் அதை ராயகோபுரம் என்பார்கள். எங்களுக்கு மொட்டைக் கோபுரம். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் தன் முதிய வயதில் அதை முடித்துவைப்பது என்று இறங்கினார். எட்டு வருஷம் அதைச் சாரத்தோடுதான் பார்த்தோம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் இந்த வருஷம் எத்தனை நிலை ஏறியிருக்கிறது என்று ஜன்னல் வழியே எண்ணுவது எங்கள் விளையாட்டு. நன்கொடை பல ஊர்களிலிருந்து வந்தது. கொடுத்தவர்களில் இசையமைப்பாளர் இளையராஜாவும் ஒருவர். 1987 மார்ச் 25-ஆம் தேதி கும்பாபிஷேகம் ஆனபோது 13 நிலை, 236 அடி.

எனக்கு அந்த நானூறு வருஷத்தில் ஒரு விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. ராயரின் ஸ்தபதி கல்லை வைத்தபோது அதன்மேல் வரப்போவது செங்கல்லும் சுண்ணாம்பும் என்று நினைத்துத்தான் வைத்தார். அவருக்குத் தெரிந்த வேறு பொருளே கிடையாது. மேலே ஏறியபோது செங்கல் வந்தது, கூடவே சிமென்ட்டும் இரும்புக் கம்பியும் வந்தன.

திருச்சியில் உயரம் என்றால் முதலில் மலைக்கோட்டைதான். 83 மீட்டர், ராஜகோபுரத்தைவிட ஒரு பத்து மீட்டர் கூடுதல். அந்த உயரத்துக்கு யாரும் செலவழிக்கவில்லை, இயற்கை கொடுத்தது. மகேந்திரவர்மப் பல்லவன் அதில் குகையைக் குடைந்தான். தாயுமானவர் சன்னிதிக்கு மேலே படியேறுகிறவர்கள் இடது பக்கம் திரும்பாமலே உச்சிப்பிள்ளையாரிடம் போய்விடுகிறார்கள்; அந்தப் பக்கத்துக் குடைவரையில் கங்காதரர் சிற்பம் இருக்கிறது. இதே மன்னன் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் வெட்டிய கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமை பேசுகிறான். அப்படியென்றால் அவனுக்கு முன்னால் கோயில்கள் எதனால் ஆகியிருந்தன என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு ராஜா கட்டுமானப் பொருளைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறான்.

நானூறு வருஷம் கழித்து, 1010-ல், ராஜராஜன் தஞ்சாவூரில் அடிமுதல் உச்சிவரை கருங்கல்லாலேயே 200 அடிக்கு மேல் ஏற்றிக் காட்டினான். அவன் மகன் கங்கைகொண்டசோழபுரத்தில் கொஞ்சம் குறைத்துக் கட்டினான். அதற்குப் பிறகு அந்த உயரத்துக்குக் கல்லைத் தூக்க யாருக்கும் தெம்பு இல்லை. விமானம் சிறுத்தது, வாசல் கோபுரம் வளர்ந்தது. வளர்ந்த கோபுரம் செங்கல்லுக்கு மாறியது. காரணம் சிக்கனம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு கனமீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன், செங்கல் கட்டு 1.9 டன். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எடை அப்படியே கழிந்துவிடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணல் திட்டில் உட்கார்ந்திருக்கிற ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வயல் மண்ணை அறுத்துச் சூளை போட்டால் செங்கல்; கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, மாடு கட்டிச் செக்கில் அரைத்தால் சாந்து.

கோபுரம் ஏன் மேலே போகப் போகக் குறுகுகிறது? ஆகமத்தில் அளவு இருக்கிறது என்பார் ஸ்தபதி. அழகுக்கு என்பார் பக்தர். இருக்கட்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். ஆகவே மேலே இருக்கிற ஒவ்வொரு நிலையும் கீழே இருக்கிற நிலையின் சுவருக்குள் அடங்கி உட்கார வேண்டும். எங்கேயும் துருத்திக்கொண்டு நிற்க முடியாது. செங்குத்தாக எழுப்பிய திண்மையான ஒரு தூணின் அடியில் விழும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதே உயரத்துப் பிரமிடின் அடியில் விழும். கோபுரம் முழுப் பிரமிடு ஆகாது, உச்சியில் கூண்டு வண்டியின் கூடுபோல ஒரு சிகரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது; உள்ளேயும் கூடு. ஆனாலும் ஸ்தபதியின் கை போன வழி இதுதான். நம் ஊர் அடிவானத்துக்கு அடையாளமாகிவிட்ட அந்தச் சாய்வுக் கோடு, பாதி சாஸ்திரம், பாதி சுண்ணாம்பு.

சுண்ணாம்பின் எல்லையை முட்டிப் பார்த்த இன்னொரு ஊர் சிகாகோ. 1891-ல் அங்கே மொனாட்நாக் என்ற கட்டடத்தைச் செங்கல் சுவரை மட்டும் நம்பி 16 மாடி எழுப்பினார்கள். 215 அடி. நம் கோபுரம்போல அடுக்கடுக்காகக் குறுக்க அவர்களுக்கு மனமில்லை. ஒவ்வொரு மாடியும் வாடகைக்குப் போக வேண்டுமே. விளைவு, கீழ்த்தளத்தில் சுவர் 6 அடி கனம். ஜன்னல் ஓரம் நின்றால் குகைக்குள் நிற்கிற மாதிரி. எடை தாங்காமல் காலப்போக்கில் மொத்தக் கட்டடமும் ஒன்றரை அடிக்கு மேல் மண்ணில் இறங்கியது. இத்தனைக்கும் அதே ஊரில் ஆறு வருஷம் முன்பே, 1885-ல், ஜென்னி என்ற பொறியாளர் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை இரும்புச் சட்டத்தில் நிறுத்தியிருந்தார். எடையை எலும்புக்கூடு எடுத்துக்கொண்டது. சுவர் வெறும் தோல். அன்றிலிருந்து கட்டடம் குறுக வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. உலக நகரங்களின் அடிவானம் பெட்டி பெட்டியாக மாறியது.

நம் பக்கம் அந்தப் பெட்டி வந்தது 1959-ல், சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடமாக. 177 அடி. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்று பார்க்க ஊர் ஊராக ஆள் வந்தார்கள். தஞ்சாவூர்க்காரர் யாராவது வந்திருந்தால் உள்ளுக்குள் சிரித்திருப்பார்.

கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து வேலை செய்வதே ஒரு தற்செயல்தான். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், கம்பி இழுப்பைத் தாங்கும். ஆனால் திருச்சி மாதிரி சித்திரை வெயில் அடிக்கிற ஊரில் ஒன்று அதிகமாக விரிந்து மற்றது குறைவாக விரிந்தால் இரண்டும் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரிகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. இந்தப் பொருத்தம் மட்டும் அமையாமல் போயிருந்தால் துபாயில் 828 மீட்டருக்கு புர்ஜ் கலீஃபா இல்லை, நம் தெருமுனையில் சென்ட்ரிங் பலகையும் இல்லை.

சிமென்ட்டுக்குத் திருச்சி அந்நிய ஊரும் கிடையாது. அரியலூர் போகிற ரயில் பாதையில் கல்லக்குடி இருக்கிறது. பெயரைச் சொன்னதும் 1953-ன் தண்டவாளப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்ற பெயர்ப் பலகையின் மீதான சண்டை. டால்மியா ஆலை அங்கே வந்தது 1939-ல், வந்த காரணம் தரைக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல். டைனோசர்கள் திரிந்த காலத்தில் அந்தப் பக்கம் கடல். பவளமும் பாசியும் சிப்பியும் படிந்து படிந்து கல்லானது. இன்றைக்கும் அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் நத்தை ஓட்டுக் கல் கிடைக்கும். காவேரிக்கரைக் கிளிஞ்சலைச் சுட்டவனும் கல்லக்குடிக் கல்லைச் சுட்டவனும் சுட்டது கடைசியில் ஓட்டைத்தான்.

ஆக 1979-ல் கோட்டுக்கு மேலே போனவர்களிடம் ராயரின் ஸ்தபதி கனவிலும் காணாத பொருள் இருந்தது. நினைத்திருந்தால் கோபுரம் நேராக எழும்பியிருக்கலாம், அகலமாக விரிந்திருக்கலாம். ஒருவரும் நினைக்கவில்லை. சுண்ணாம்பு வகுத்துக் கொடுத்த சாய்வையே சிமென்ட்டும் பின்பற்றியது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கர்நாடகத்தில் முருடேஸ்வரத்தில் 2008-ல் எழுந்த கோபுரத்துக்குள் லிஃப்ட்டே ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் அதே சாய்வு. 2024 ஜனவரியில் திறந்த திருச்சி விமான நிலையப் புது முனையத்தின் முகப்பு எஃகும் கண்ணாடியும்தான், அதன்மேலும் கோபுரத்தை ஏற்றியிருக்கிறார்கள். இதை மட்டும் என்னால் முழுமனதாக ரசிக்க முடியவில்லை. எடையே இல்லாத இடத்தில் எடை சுமந்தவனின் உடை.

சுண்ணாம்பையும் சிமென்ட்டையும் பிரிக்கிற விஷயம் ஒன்று காற்றில் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்துத்தான் இறுகுகிறது. வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து சில வாரங்களில் இறுகிவிடும். பிறகு அதே கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் போனால், கம்பியைத் துருப்பிடிக்காமல் காத்துவந்த காரத்தன்மையைத் தின்னத் தொடங்குகிறது. ஈரமும் சேர்ந்தால் துரு. துருவான இரும்பு ஊதும், ஊதினால் மேல்பூச்சு பிளக்கும். நம் வீட்டு மாடியில் சன்ஷேடு உதிர்ந்து கம்பி எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

அதற்காகச் சுண்ணாம்பைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. அச்சுதராயரின் அண்ணன் கிருஷ்ணதேவராயர் 1516-ல் காளஹஸ்தியில் கட்டிய ராஜகோபுரம் 2010 மே 26-ஆம் தேதி இரவு அப்படியே சரிந்து விழுந்தது. ஸ்ரீரங்கத்திலேயே 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பின்னிரவில் கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்நிலையிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து தெருவில் விழுந்தது. நல்லவேளை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம்.

அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரிய கொத்தனாரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். கரணையைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார்.

"சுண்ணாம்புச் சுவரு சொல்லிட்டுத்தான் விழும் தம்பி. மொதல்ல கீறல் விடும். அப்புறம் காரை கொட்டும், செடி மொளைக்கும். நாமதான் பாக்குறதில்ல. காங்கிரீட்டு அப்படியில்ல. எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கும்."

"அப்ப ராஜகோபுரம்?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. நானே சின்னப் பையனா அதுல கலவை தூக்கியிருக்கேன்." வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சிரித்தார். "எம் பையன் இப்ப சிங்கப்பூர்ல கம்பி கட்றான். நாப்பதாவது மாடியாம். அங்கேருந்து பாத்தா மலேசியா தெரியுதுங்கிறான். சுண்ணாம்பு கொழைக்கத் தெரியுமாடான்னு கேட்டேன், வெத்தலைக்கான்னு கேக்குறான்."

கோட்டைப் பற்றிச் சொன்னேன். கல் முடிகிற இடம், ராயர் விட்ட இடம் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கோட்டுக்குக் கீழ ராயர் பாடு. மேல நம்ம பாடு," என்று கரணையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரம் கொள்ளிடக் கரைக்குப் போகிறோம். 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சாய்ந்து உடைந்தது. தூணில் என்ன குறை என்று எல்லோரும் கேட்டார்கள். நாம் தூணுக்கு அடியில் இருந்த மணலைப் பற்றிப் பேசுவோம்.

(தொடரும்)