ஒரே வீட்டில் இரண்டு விதமான படிப்பு

காலாண்டுப் பரீட்சை மார்க் வருகிற வாரத்தில் விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர் டீக்கடை பெஞ்சுகளில் தீபாவளி ஆர்டர், மழை, போனஸ் பேச்சோடு பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்துகொள்ளும். பட்டாசு ஆலையில் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மூத்தவ எட்டாப்பு சார். பாடத்தைக் கடகடன்னு ஒப்பிச்சிருவா. சின்னவன் அஞ்சாப்பு. ஒரு பக்கம் வாசிக்க அரை மணி நேரம் ஆக்குறான். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே டியூசன். அவனுக்கு மட்டும் ஏன் மண்டையில ஏற மாட்டேங்குது?”

இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் எத்தனையோ பெற்றோர் கேட்கிறார்கள். கேட்கும்போதே பதிலையும் முடிவுசெய்துவிடுகிறார்கள்: அவள் கெட்டிக்காரி, அவன் மக்கு. அந்த முடிவு பெரும்பாலும் தவறு. ஏன் தவறு என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிட முடியாது. ஆகவே இன்னொரு டீயும் சொல்லிவிட்டு உட்காருவோம்.

நான் அவரிடம் முதலில் இரண்டு கேள்விகள் கேட்டேன். மூத்தவள் ஒப்பிக்கும் பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவளிடம் கேட்டால்? “முழிப்பா சார்.” சின்னவனுக்கு அதே பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால்? “அவுக அக்கா வாசிச்சா, கேக்குற கேள்விக்கெல்லாம் டக்குன்னு பதில் சொல்லுவான்.”

பாதி விளக்கம் இந்தப் பதில்களிலேயே இருக்கிறது. 1986ல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக்காட்டினார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று. கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். மூத்தவளுக்கு முதல் திறன் நன்றாக இருக்கிறது, இரண்டாவது குறைகிறது. சின்னவனுக்கு நேர் தலைகீழ். வாசித்துப் புரிந்துகொண்டதைச் சோதித்தால் இருவருக்கும் ஒரே மாதிரி எண் விழலாம். ஆனால் தேவைப்படும் உதவி முற்றிலும் வேறு. ஒரே டியூசன் இருவருக்கும் பலன் தராமல் போவதற்கு இதுவே காரணம்.

சின்னவனை முதலில் பார்ப்போம். நண்பர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொரு குச்சியையும் குனிந்து பார்த்துத்தான் கட்டியிருப்பார். பக்கத்தில் இருப்பவர் பேசினால் கை நின்றுவிடும். இப்போது ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுகிறார். கை தானாக ஓடப் பழகிவிட்டதால் மனம் பேச்சுக்குக் கிடைக்கிறது. வாசிப்பிலும் இதுதான் நடக்கிறது. மனம் ஒரே நேரத்தில் கையில் ஏந்திவைத்துக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று 2001ல் நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். எழுத்தைக் கூட்டுவதற்கே அந்த இடம் முழுவதும் செலவானால், வரியின் கடைசிச் சொல்லுக்கு வருமுன் முதல் சொல் நழுவிவிடும். பையனுக்குப் புரியாமல் இருப்பது அறிவுக் குறைவால் அல்ல. அர்த்தத்துக்கு மனதில் இடம் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்தைப் பழக நாள் பிடிக்கும் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் சேர்த்து 247. கொம்பும் துணைக்காலும் எழுத்தின் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டுகின்றன. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ ஒன்றுதான். வாயில் வரும் ஒலியோ மூன்று. வீட்டில் ‘வந்துட்டாக’ என்று பேசுகிற பிள்ளை புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’ என்று பார்க்கிறது. நம் எழுத்துமுறைக்கு உறவான கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தபோது, எழுத்துகள் எல்லாம் கைவரவே நான்கைந்து வகுப்புகள் ஆகின்றன என்று தெரிந்தது. ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டு ‘இன்னுமா எழுத்துக்கூட்டுகிறான்’ என்று திட்டுவதில் நியாயமில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையே முன்னால் வைத்து மிரட்டினால் பலன் இல்லை. அவனால் தடுக்காமல் வாசிக்க முடிகிற இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கி, தினம் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கவைக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு 2022ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அடிப்படையும் இதுதான். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கச் சொன்னது அத்திட்டம். வயது வகுப்பைத் தீர்மானிக்கலாம். பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் பிள்ளையின் நிலைதான் தீர்மானிக்க வேண்டும்.

தினமும் பழகியும் மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலில் கண்ணும் காதும். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை எந்தப் பிள்ளையும் தானாகச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். அடுத்தது டிஸ்லெக்சியா. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம் இது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1991ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையில் பல ஆண்டுகளாக இதற்கென்றே இயங்குகிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதற்கான உதவியைக் கேட்டுப் பெறுவது சலுகை கேட்பதாகாது, உரிமை.

இப்போது மூத்தவள். நண்பருக்கு அவளைப் பற்றிக் கவலையே இல்லை. எனக்கு அவளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. அவள் படிக்கும் முறை நம்மூரில் எல்லோரும் படிக்கும் முறை: பாடத்தை ஐந்து தடவை, பத்து தடவை திரும்பத் திரும்ப வாசிப்பது. அப்படி வாசித்தால் பழகிய முகம்போலப் பாடம் தெரியும். தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையும் வரும். அந்த நம்பிக்கை ஏமாற்றும்.

2006ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு முறையும் வாசித்தது. மற்றொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் முந்தியது: 83 சதவீதத்துக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை கவிழ்ந்தது. வாசித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியது. நினைவிலிருந்து எடுத்தெழுதியவர்களிடம் 61. உள்ளே திணிப்பதைவிட வெளியே எடுப்பதுதான் நினைவை உறுதிப்படுத்துகிறது. காலையில் வாசித்து மதியம் பரீட்சை எழுதினால் மனப்பாடம் கைகொடுக்கும். அடுத்த வருடத்துப் பாடம் இந்த வருடத்துப் பாடத்தின் மேல் நிற்க வேண்டும் என்றால் கைவிட்டுவிடும்.

ஒரு பெண் கடகடவென்று ஒப்பிப்பதும் வெளியே எடுப்பதுதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் சொற்களின் வரிசையை எடுப்பதும் விஷயத்தை எடுப்பதும் வேறு. ‘உன் தம்பிக்குப் புரிகிற மாதிரி உன் பேச்சில் சொல்’ என்றால்தான் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியும்.

நண்பர் இங்கே தயங்கினார். “நான் அஞ்சாப்போட நின்னு தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கப் போயிட்டேன். நான் எப்படிச் சார் சொல்லிக்குடுக்க?” இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறையே அப்படிப் போயிருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆண்டு 1996. அதற்கு முன்பும் பின்பும் பள்ளியை விட்டு ஆலைக்குப் போன பிள்ளைகள்தான் இன்றைய அப்பாக்களும் அம்மாக்களும். அவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதை: புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ‘இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு’ என்று கேட்பதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பாடம் தெரியாது என்பது இங்கே நல்லதாகவே போய்விடுகிறது. தெரியாதவருக்கு விளக்கும்போது பிள்ளை சொந்தச் சொல்லைத் தேடியாக வேண்டும். புரியாத இடத்தில் ‘அது எப்படி?’ என்று கேளுங்கள். டியூசனுக்குக் கட்டும் பணத்தைவிட அந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த காரணம், பாடத்தில் வருவதைப் பற்றிப் பிள்ளைக்கு முன்பே தெரிந்த விஷயம். 1988ல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த விளையாட்டைப் பற்றி அறியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் விளையாட்டை அறிந்த பிள்ளைகள் அதிகம் புரிந்துகொண்டார்கள். நம் சின்னவனிடம் திரி, மருந்து, மழைக்காலத்தில் வேலை நிற்பது பற்றி நாலு வரி கொடுத்துப் பாருங்கள், ஆளே மாறிவிடுவான். பனிப்பிரதேசமும் துறைமுகமும் பாடத்தில் வரும்போது திணறுகிறான் என்றால், அவை அவன் காதில் விழுந்ததே இல்லை என்று பொருள். ஆகவே பிள்ளைகளோடு பேசுவதும் படிப்புதான். பஸ்ஸில் போகும்போது, கோயில் திருவிழாவில், கடையில் கணக்குப் பார்க்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விக்குச் சொல்லும் பதில் ஒவ்வொன்றும் நாளைய வாசிப்புக்கு முதலீடு.

வீட்டுக் கவலையும் பாடத்தின் இடத்தைப் பறிக்கும். இதற்கு ஆதாரம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைப் பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டர் ஷஃபீரும் அடங்கிய குழு சோதித்தது. முடிவுகள் 2013ல் வெளியாயின. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத மாதங்களில் சிந்தனைச் சோதனைகளில் தடுமாறிய அதே ஆட்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். ஆளும் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. கவலை பிடித்திருந்த இடம் காலியானது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடைசெய்து, அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் கடன் பேச்சைக் கேட்டுக்கொண்டே பாடப்புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பார்கள்? அந்த வருடம் மார்க் குறைந்த பிள்ளையை ‘கவனமில்லை’ என்று எழுதிவைப்பது அநியாயம். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956ல் பள்ளியில் மதிய உணவு போட்டதும், 2022ல் காலை உணவுத் திட்டம் வந்ததும் வயிற்றோடு நிற்பவை அல்ல. பசியைப் பற்றி நினைக்காத மனம் பாடத்துக்கு வருகிறது.

கடைசியாக, நாம் பிள்ளைமேல் ஒட்டும் பெயர். உத்தரப் பிரதேச கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமமாகவே தீர்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியை வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. 2006ல் வெளியான இந்த முடிவை ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். உன்னிடம் எதிர்பார்ப்பு இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், கையில் இருக்கும் திறமைகூட வெளியே வராது. ‘மக்கு’ என்ற சொல்லும் அதையே செய்கிறது.

ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே விட்டுவிடலாம். சில பிள்ளைகள் பார்த்துப் படிப்பவர்கள், சிலர் கேட்டுப் படிப்பவர்கள், அதற்கேற்பச் சொல்லித்தர வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. 2008ல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்றார்கள். சின்னவன் ‘கேட்டுப் படிப்பவன்’ என்று முத்திரை குத்தி, அவனை வாசிக்கவைப்பதையே நிறுத்திவிட்டால் அவனுக்கு நாம் செய்யும் கெடுதல் அதுதான்.

2018ல் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் 97 சதவீதம் பெற்று மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டு, முன்னேற்றத்தில் கூடுதல் கவனம் தேவைப்படும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலிலும் விருதுநகர் இருந்தது. இரண்டும் உண்மை. தேர்ச்சியில் நமக்குள்ள உழைப்பும் ஒழுங்கும் பெருமைக்குரியவை. அந்த உழைப்பை இனி புரிதலின் பக்கம் திருப்ப வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ‘என்ன ரேங்க்?’ என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளை எந்த வகுப்புப் புத்தகத்தைத் தடுக்காமல் வாசிக்கிறான்? வாசித்ததைச் சொந்தப் பேச்சில் சொல்கிறானா? கண் பரிசோதனை எப்போது நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த ஆசிரியரும், இவற்றைக் கேட்கத் தெரிந்த பெற்றோரும் சேர்ந்துவிட்டால், ஐந்தாம் வகுப்புச் சின்னவன் ஏழாம் வகுப்புக்குள் எட்டிப் பிடித்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறான்.